ஊசி ஆன்டிபயாட்டிக்கை எப்போது மாத்திரையாக மாற்றலாம்? குமரி மாவட்ட வார்டுகளை முன்வைத்து

தக்கலை மருத்துவர்:
சேர்த்த அன்று எழுதிய செப்ட்ரியாக்சோன் ஊசி அஞ்சாம் நாளும் ஓடுவதை நிறுத்தணும். 48 மணி நேரத்தில் ஒவ்வொரு கேஸ் ஷீட்டையும் திரும்பப் பார்க்க வேண்டும். ஒரு நாளாகக் காய்ச்சல் இல்லை, நாடித்துடிப்பு 100-க்குள், பிரஷர் நிலையாக இருக்கு, கஞ்சி வாந்தியாகாமல் நிற்கிறது என்றால் பிறகு ட்ரிப் எதற்கு? லெவோஃப்ளாக்சசின், லினசோலிட், மெட்ரோனிடசோல் மூன்றும் வாய்வழி கொடுத்தாலும் ஏறக்குறைய முழுமையாக ரத்தத்தில் சேரும். வென்ஃப்ளானை, அதாவது மருந்து ஏற்றக் கை நரம்பில் செருகும் குழாயை, வைத்துக்கொண்டே இருந்தால் கை சிவந்து வீங்கும், அதன் வழியே புதுத் தொற்றும் ஏறும்.

மார்த்தாண்டம் கிளினிக்:
டாக்டர், அந்த மூன்றுக்கும் சரி. செப்ட்ரியாக்சோனுக்கு மாத்திரையே கிடையாதே! டிஸ்சார்ஜ் சீட்டில் செஃபிக்சிம் 200 என்றுதான் எழுதி வருது. காலில் செல்லுலைடிஸ் (தோலடித் தொற்று) வந்த ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளிக்கு அதைக் கொடுத்து என்ன பயன்? அதை உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் (ஸ்டஃப்) கிருமி அதற்கு அடங்காது. கால் மறுபடி வீங்கினால் அவர் வந்து நிற்பது எங்களிடம். இருமலோடு வந்தவருக்கு லெவோ கொடுத்தால் காசநோய் கொஞ்ச நாள் பதுங்கிக்கொள்ளும், கண்டுபிடிப்பதும் தள்ளிப்போகும்.

நாகர்கோவில் பார்மசி:
நீங்க சொல்ற ரெண்டிலும் பிழை மாத்திரையைத் தேர்ந்தெடுத்ததில்தான் இருக்கு சார், மாற்றியதில் இல்லை. செல்லுலைடிஸுக்கு செஃபலெக்சின் 500 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. சிறுநீரகம் பழுதென்றால் குறைக்கணும். நிமோனியாவில் சளிப் பரிசோதனை வராமல் லெவோ வேண்டாம், அமாக்சிசிலின்-கிளாவுலனேட் இருக்கு. டைபாய்டு மட்டும் தனிக்கணக்கு. சரியான மருந்து போட்டாலும் காய்ச்சல் விட நாலைந்து நாள் ஆகும். 48 மணி நேரத்தில் விடவில்லையென்று மருந்தை மாற்றிவிடக் கூடாது.

மார்த்தாண்டம் கிளினிக்:
சிறுநீரகத் தொற்றுக்கு என்ன சொல்றீங்க? கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஈ.எஸ்.பி.எல். ஈ.கோலை, அதாவது பென்சிலின், செஃப் வகை மருந்துகளை உடைக்கும் நொதி சுரக்கும் கிருமி; சிப்ரோ (சிப்ரோஃப்ளாக்சசின்), கோட்ரிமாக்சசோல் இரண்டும் எடுபடாது. மிச்சம் நைட்ரோஃபுரான்டாயினும் ஃபாஸ்ஃபோமைசினும். சிறுநீர்ப்பைக்கு அவை போதும், சிறுநீரகத் திசுவில் போதிய அளவு ஏறாது. காய்ச்சல் விட்டதே என்று அதைக் கொடுத்து அனுப்பினால் முதுகுவலியோடும் குளிரோடும் திரும்பி வருவார்.

தக்கலை மருத்துவர்:
அங்கே நானும் மாற்ற மாட்டேன். எர்டாபெனம் ஊசி 1 கிராம், நாளைக்கு ஒரு முறை. படுக்கை தேவையில்லை, வந்து போட்டுப் போகலாம். மூளைக்காய்ச்சல், இதய வால்வுத் தொற்று, ரத்தத்தில் ஸ்டஃப் ஆரியஸ், இவற்றிலும் அவசரப்படக் கூடாது. ஆனா எலும்புத் தொற்றை இந்தப் பட்டியலில் சேர்க்காதீங்க. எலும்பு, மூட்டுத் தொற்று உள்ளவர்களிடம் நடத்தி 2019-இல் வெளிவந்த ஓவிவா ஆய்வில் 1054 பேர். முதல் ஆறு வாரம் ஒரு பாதிக்கு ஊசி, மறுபாதிக்கு மாத்திரை. ஓராண்டு முடிவில் சிகிச்சை தோற்றது ஊசியில் 14.6 சதவீதம், மாத்திரையில் 13.2.

குளச்சல் ஸ்டாஃப் நர்ஸ்:
மாத்திரை எப்படி உள்ளே போகுது என்பதையும் பேசுங்க டாக்டர். சிப்ரோவைப் பாலோடு விழுங்கினால் ஒரு பகுதி வீண். இரும்பு, கால்சியம், ஆன்டாசிட் மூன்றும் சிப்ரோ, லெவோ ரெண்டையும் குடலிலேயே பிடித்துவைத்துவிடும். ஆன்டிபயாட்டிக்கை முதலில் கொடுத்து, ரெண்டு மணி நேரம் கழித்துத்தான் மற்றவை. ரைல்ஸ் ட்யூபில் (மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் குழாய்) பால் ஃபீட் போகும்போது சிப்ரோவைப் பொடித்துக் கலக்கவே கூடாது. உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் கொடுத்தால் ஒரு டம்ளர் தண்ணீர் நிறைய, பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது; இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். முதல் டோஸ் வார்டிலேயே உள்ளே போய்த் தங்கிய பிறகு வென்ஃப்ளானை எடுக்கலாம்.

மார்த்தாண்டம் கிளினிக்:
சிஸ்டர் சொன்னது சீட்டில் தமிழில் எழுதி வந்தால் என் எதிர்ப்பு பாதி குறையும். மீதி லினசோலிட் பற்றி. ரெண்டு வாரம் தாண்டினால் பிளேட்லெட் இறங்கும். வாரம் ஒரு முறை ரத்தம் பார்க்கணும். தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்குப் போறவர் வாரக்கணக்கில் கரைக்கே வர மாட்டார், யார் பார்ப்பது?

தக்கலை மருத்துவர்:
அவருக்கு லினசோலிட் எழுதக் கூடாது. கல்ச்சர் இடம் கொடுத்தால் டாக்சிசைக்ளின். அந்த மருந்தோடு கடல் வெயிலில் தோல் வெந்துபோகும் என்று சொல்லி முழுக்கைச் சட்டை போடச் சொல்லணும். நிறுத்தும் தேதியும் சீட்டிலேயே இருக்கட்டும்.