மயிலிட்டியில் அம்மம்மாவின் காணி: எல்லை பிடிக்க உதவுங்கள்

யாழ்ப்பாணம் மயிலிட்டி ஆட்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள்.

1990 ஆனியில் சண்டையால் எங்கள் குடும்பம் ஊரை விட்டு வெளிக்கிட்டது. முதலில் மல்லாகத்தில் ஒரு கொட்டில். பிறகு 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமப் பகுதிச் சனமே இடம்பெயர்ந்து நடந்தபோது, மழைக்குள் நாவற்குழிப் பாலம் கடந்து கொடிகாமம். அன்றிரவு அம்மம்மாவின் சீதன உறுதி (காணிப் பத்திரம்) சேலைக்குள் சுற்றியபடியே ஊறிப்போனது. இப்போது வாசிக்கக்கூடியது "நாலு பரப்பு, கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால்" என்ற வரி மட்டும்தான். உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் வெறும் நீலக் கறை.

2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகம் இராணுவத்திடமிருந்து விடுபட்டது. எங்கள் பக்கம் அதற்குப் பிறகுதான். போய்ப் பார்த்தால் வேலியும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. பற்றைக்குள் ஒரு கிணற்றுக்கட்டு. அம்மம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "துலா இந்தப் பக்கம்தான் நிண்டது" என்றா. நில அளவையாளருக்கு அது காணாதாம். ஒரு அலுவலகத்தில் "உறுதி இல்லாமல் வராதேங்கோ" என்றார்கள். உறுதி இருந்தால் நாங்கள் ஏன் அங்கே போகப்போகிறோம்?

காணியின் பெயர் பனிச்சையடி. இலக்கம் இல்லாமல், பெயரை மட்டும் வைத்துக் காணிப் பதிவகத்தில் தேடி எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? எந்தப் புத்தகத்தைக் கேட்க வேண்டும்? பக்கத்துக் காணிக்காரரின் உறுதியில் எங்கள் காணி எல்லையாக வந்திருக்கும். வெளிநாட்டில் இருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பக்கத்தின் படம் ஒன்று அனுப்பினால் போதும்.

அம்மம்மாவுக்கு 86 வயது. உள்பெட்டியில் எழுதினாலும் சரி.