பேனும் இல்லை, பூஞ்சாணமும் இல்லை: காற்று கருக்கிய இலையைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

இலையில் புள்ளி விழுந்தாலே மருந்து அடிக்கக் கிளம்புகிறோம், காற்றை யாரும் சந்தேகப்படுவதில்லை. அதனால்தான் இந்தத் திரி.

என் பீன்ஸ் செடியில் அடி இலைகளின் மேல்புறம் முழுக்கத் தவிட்டு நிறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். பார்த்தவர்கள் எல்லாம் இலைச் சாற்றை உறிஞ்சும் செம்பேன் என்றார்கள். இலையைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தால் பேனும் இல்லை, நூலாம்படையும் இல்லை. புள்ளி எல்லாம் நரம்புகளுக்கு நடுவில்தான், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. கொழுந்தில் ஒன்றுமே இல்லை. இதில் முக்கியமானது, ஓர் இலை இன்னொன்றின் மேல் படிந்து நிழல் விழுந்த இடத்தில் மட்டும் புள்ளி விழாமல் அந்த நிழலின் வடிவம் அப்படியே பச்சையாகப் பதிந்திருந்தது. பூச்சியோ பூஞ்சாணமோ இப்படி நிழல் பார்த்து ஒதுங்காது. இது காற்றில் கலந்திருக்கும் ஓசோன் வாயுவின் வேலை.

வண்டிப் புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடும், எரிபொருள், பெயிண்ட் மாதிரியானவற்றிலிருந்து ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் உண்டாகிறது. இலைத்துளை வழியாக உள்ளே போய், மேல்தோலுக்குக் கீழே ஒளிச்சேர்க்கை செய்யும் செல்களைக் கொல்கிறது. அடி இலைகள் அதிக நாள் அந்தக் காற்றை வாங்கியவை, அதனால் முதலில் அடிபடுகின்றன. நன்றாகத் தண்ணீர் குடித்த செடியில் இலைத்துளைகள் திறந்தே இருப்பதால் சேதம் இன்னும் கூடும். நெரிசலான நகர நடுவைவிட, அங்கிருந்து காற்று வீசும் திசையில் தள்ளியிருக்கும் வயல்களில்தான் பல நேரம் ஓசோன் அதிகம், அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் 1944 வாக்கிலேயே கீரை வகைகளில் இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசினாற்போல் ஆனதைக் கண்டார்கள். அது அதே புகைமூட்டத்தில் உண்டாகும் பான் என்ற இன்னொரு வாயுவின் அடையாளம்.

பதில்:
எங்கள் பக்கம் செங்கல் சூளை. நடுவில் புள்ளி வராது, நுனியிலும் ஓரத்திலும் கருகி, கருகலுக்கும் பச்சைக்கும் இடையில் செம்பழுப்புக் கோடு ஒன்று ஓடும். களிமண்ணைச் சுடும்போது கிளம்பும் ஃப்ளோரைடு இலை நுனியில் போய்ச் சேர்வதால் இப்படி ஆகிறது. கிளாடியோலஸ் செடிதான் முதலில் காட்டிக்கொடுத்தது. மாமரம் வைத்திருப்பவர்கள் காயின் நுனியையும் பாருங்கள், சூளைப் புகைக்கு அது கறுத்துப் போகும். உப்பு மிகுந்தாலும் ஓரம் கருகும் என்பதால் மண்ணையும் தண்ணீரையும் சோதித்த பிறகுதான் சூளைக்காரரிடம் பேசப் போனேன்.

பதில்:
எனக்குத் தூசிதான். சாதாரண மண் தூசி மழைக்குப் போய்விடும். சிமென்ட் தூசி பனி ஈரம் பட்டால் பொருக்காக இறுகிவிடுகிறது, நகத்தால் சுரண்டினால் ஏடாக உரியும், அதன் கீழே இலை வெளிறிக் கிடக்கும். வெளிச்சமும் இல்லை, துளையும் அடைப்பு, பிறகு எங்கே காய்க்கும்?

பதில்:
திரியைத் தொடங்கியவருக்கு: ஓசோன் சேதத்தை மருந்தடித்துச் சரிசெய்ய முடியாது, ஆனால் ரகத்துக்கு ரகம் தாங்கும் சக்தி ரொம்பவே மாறும். பீன்ஸிலேயே எஸ்156 என்ற ரகம் சீக்கிரம் அடிபடும், ஆர்123 தாங்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டுத்தான் ஓசோனைக் கண்டுபிடிக்கிறார்கள். உங்களிடம் வேறு ரக விதை இருந்தால் அதே பாத்தியில் நட்டு, அடி இலைகளின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்துப் போடுங்கள்.