62 லட்சம் ரீசேல் ஃபிளாட்: கையில் 15 லட்சம் போதுமா?

மடிப்பாக்கம்_மாடிவீடு:
மடிப்பாக்கத்தில் 12 வருடப் பழைய இரண்டு பெட்ரூம் ஃபிளாட் ஒன்றைப் பேசி முடித்திருக்கிறோம். விலை 62 லட்சம். வங்கியில் 80 சதவீதம், அதாவது 49.6 லட்சம் கிடைக்கும் என்கிறார்கள். மீதி 12.4 லட்சத்தை நான் போட்டால், சேர்த்து வைத்த 15 லட்சத்தில் 2.6 லட்சம் மிஞ்சும். பத்திரச் செலவுக்கு அது தாராளம் என்கிறார் மாமனார். (அவர் கடைசியாகப் பத்திரம் போட்டது 1994-ல்.) புதன்கிழமை அட்வான்ஸ். போதுமா?

கொளத்தூர்_கலா:
போதாது தம்பி. ரீசேலுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 62 லட்சத்துக்கு 5,58,000 வருகிறது. அந்த இடத்துக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்புப்படி போட்ட கணக்கு இதைவிட அதிகமாக வந்தால் அதற்குத்தான் கட்ட வேண்டும். இந்தச் செலவை வங்கி கடனில் சேர்க்காது, முழுக்க உங்கள் கைக்காசு.

அதைவிட முக்கியமான ஒன்று. அந்த 80 சதவீதம் நீங்கள் பேசிய விலைக்கா, வங்கி மதிப்பீட்டாளர் போடும் விலைக்கா? இரண்டில் எது குறைவோ அதற்குத்தான். 2023-ல் நான் 54 லட்சத்துக்கு வாங்கினேன். 43.2 லட்சம் கடன் வரும் என்று நம்பி அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. அப்புறம் வந்த மதிப்பீட்டாளர் கட்டடம் பழசு என்று 50 லட்சம்தான் போட்டார். கடன் 40 லட்சமாகக் குறைந்தது. அந்த 3.2 லட்சத்துக்காக என் நாலு வளையலும் ஆரமும் அடகுக்கடைக்குப் போயின. திருப்ப 14 மாதம் ஆனது.

வக்கீல் கருத்து, மதிப்பீட்டுக் கட்டணம், வங்கியின் பிராசசிங் கட்டணம், வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கும் எம்ஓடி பதிவு, எல்லாம் சேர்ந்து எனக்கு 61,000 ஆனது. புரோக்கருக்கு ஒரு சதவீதம் பேசியிருந்தால் உங்களுக்கு இன்னும் 62,000. 19 லட்சத்துக்குக் குறைந்து கணக்குப் போடாதீர்கள். பெயின்ட், கிரில் எல்லாம் தனி.

அசோக்நகர்13:
50 லட்சத்துக்கு மேல் என்பதால் ஒரு சதவீதம் டிடிஎஸ், அதாவது விற்பவருக்காக நீங்கள் பிடித்துக் கட்டும் வருமான வரி, உண்டு. உங்களுக்குக் கூடுதல் செலவு இல்லை, விற்பவருக்குத் தரும் தொகையில் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டுவது. மறந்தால் வட்டியும் தாமதக் கட்டணமும் உங்கள் தலையில்.

மடிப்பாக்கம்_மாடிவீடு:
பக்கத்து அபார்ட்மென்டில் புதிதாக வாங்கியவருக்கு 7 சதவீதம்தானாமே? இன்னொன்று, விற்பவர் 50 லட்சத்துக்குப் பத்திரம் போட்டுவிட்டு மீதியைக் கையில் கேட்கிறார்.

கொளத்தூர்_கலா:
அது பில்டரிடம் முதல் விற்பனையாக வாங்குவதற்கு. 2023 டிசம்பரிலிருந்து முத்திரைத் தீர்வை 50 லட்சம் வரை 4 சதவீதம், மூன்று கோடி வரை 5, கூடப் பதிவுக் கட்டணம் 2. உங்களுக்குப் பொருந்தாது.

50-க்குப் பத்திரம் போட்டால் கடனும் 50-க்குத்தான். 40 லட்சம் கிடைக்கும், மீதி 22 லட்சத்துக்கு எங்கே போவீர்கள்? பத்திரச் செலவில் ஒரு லட்சம் சொச்சம் மிச்சம் பிடிக்கிற ஆசையில் 12 லட்சத்தை ரசீதில்லாமல் ரொக்கமாகக் கொடுப்பதா? வருமானவரிச் சட்டப்படியும் அது தப்பு. வேண்டவே வேண்டாம்.

விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: வங்கிக் கடன் குறைந்தாலோ மறுக்கப்பட்டாலோ அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும். நான் எழுதவில்லை.

மடிப்பாக்கம்_மாடிவீடு:
நன்றி அக்கா. அட்வான்ஸை ஒரு வாரம் தள்ளிவிட்டேன், முதலில் மதிப்பீடு. மாமனாரிடம் 5,58,000 என்றேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வருஷத்துக்கா?" என்று கேட்டார்.