ஐயா வீடு, தாண்டிக்குடி (வாட்ஸ்அப் குழு)

அனிதா: பூம்பாறை குழந்தை வேலப்பர் கோவிலில் பாப்பாவுக்குக் காதுகுத்து. தை கடைசி ஞாயிறு. இதில் மாற்றமில்லை. அப்பத்தாவை எந்த வண்டியில் அழைத்துப் போவது என்பதை மட்டும் இன்றே முடிவு செய்யுங்கள்.

கலா அத்தை: கார்தான். இதில் என்ன யோசனை?

அனிதா: காரில் வர மாட்டாராம். "உங்கள் ஐயா ஜீப் நிற்கும்போது நான் ஏன் வாடகைக் காரில் போக வேண்டும்" என்கிறார்.

செந்தில்: முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்தவர் அந்த ஜீப்பில் எப்படி ஏறுவார்? நானே கம்பியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறுகிறேன்.

பிரபு: பார்த்தோம். குரங்குகள் எல்லாம் எழுந்து நின்று இடம் கொடுத்தன.

தினேஷ்: பக்கவாட்டில் ஒரு இரும்புப் படி பற்றவைத்துவிட்டால் தீர்ந்தது.

முருகேசன் சித்தப்பா: தீராது.

முருகேசன் சித்தப்பா: தினேஷ், நிதானமாகப் படி. அது 1991 மஹிந்திரா எம்.எம். 540. ஐயா காலத்தில் கம்பெனி உயரத்தில் ஓடிய வண்டி. நீ அதில் மூன்று வேலை செய்தாய். வண்டியைத் தாங்கும் இரும்புப் பட்டை செட்டின் ஒரு முனையைச் சேஸிஸில் தொங்கவிடும் ஷாக்கிளை நீளமாக்கினாய், அந்தச் செட்டில் ஒரு பட்டை கூடச் சொருகினாய், பெரிய டயர் மாட்டினாய். ஷாக்கிளை நான்கு அங்குலம் நீட்டினால் வண்டி உயர்வது இரண்டு அங்குலம்தான், ஏனென்றால் பட்டையின் ஒரு முனை மட்டுமே இறங்குகிறது. ஆனால் முன்பக்கத்தில் அப்படி நீட்டும்போது அச்சின் சாய்வும் மாறிவிடுகிறது. தீபாவளிக்கு ஊத்து பக்கம் வளைவில் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பவில்லை என்று நான் கத்தினேனே, அதற்குக் காரணம் இதுதான். பாரம் மேலே ஏறிவிட்டதால் வளைவில் வண்டி சாய்கிறது. இப்படி ஒரு வண்டியில் படி வைத்து அம்மாவை ஏற்றுவதை விட வண்டியை இறக்குவது நல்லது.

கலா அத்தை: அண்ணே, சுருக்கமாக.

முருகேசன் சித்தப்பா: சுருக்கம்தான் இது.

தினேஷ்: சித்தப்பா, கீழ்க்காட்டுப் பாதையில் கல் தட்டிப் பின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல் பெட்டி உடைந்தபோது யாரும் வந்து பார்க்கவில்லை. அதற்காகத்தான் உயர்த்தினேன்.

முருகேசன் சித்தப்பா: டிஃபரன்ஷியல் எங்கே இருக்கிறது? அச்சில். பட்டைக்கும் ஷாக்கிளுக்கும் அடியில். நீ மேலே எவ்வளவு உயர்த்தினாலும் உயர்வது பாடி மட்டும்தான். அச்சு இருந்த இடத்திலேயேதான் இருக்கும்.

தினேஷ்: அதனால்தான் பெரிய டயர்!

முருகேசன் சித்தப்பா: டயர் சரி. அதில் மட்டும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் அச்சு உயர்வது ஒரு அங்குலம்.

பிரபு: ஒரு அங்குலத்துக்கு இவ்வளவு செலவா மச்சான்?

தினேஷ்: நீ கோயம்புத்தூரில் மெட்ரோ வருமா என்று பார்.

பெரியப்பா: ஜீப் என் பங்கில் வந்தது. அதை ஏற்றுவதா இறக்குவதா என்று நான் சொல்கிறேன்.

முருகேசன் சித்தப்பா: ஆமாம் அண்ணே. உங்களுக்கு ஜீப். எனக்குக் கமலா ஆரஞ்சு பட்டுப்போன காடு. மறக்கவில்லை.

கலா அத்தை: ஆரம்பித்துவிட்டீர்களா? எனக்கு இரண்டும் இல்லை.

செந்தில்: தாய்மாமன் சீரில் கம்மல் நான் எடுத்துவிட்டேன். மடியில் உட்கார வைக்கப் பட்டு வேட்டியா, சாதா வேட்டியா?

அனிதா: பட்டு.

முருகேசன் சித்தப்பா: இந்த ஆண்டு ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், அதையும் நினைவில் வையுங்கள். முதல் 15 ஆண்டு, அதன்பின் ஐந்தைந்து ஆண்டு. 2006, 2011, 2016, 2021, இப்போது 2026. கம்பெனி அளவில் இல்லாத வண்டியைச் சோதனைக்குக் கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. கம்பெனி அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

பெரியப்பா: சரி. இறக்க எவ்வளவு ஆகும்?

முருகேசன் சித்தப்பா: பழைய ஷாக்கிள் இருந்தால் பெரிய செலவில்லை. எங்கே வைத்தீர்கள்?

தினேஷ்: கொட்டகையில் இல்லை. நான் பழைய இரும்புக்குப் போடவும் இல்லை.

பெரியம்மா: களத்தில் மிளகு காயப்போட்ட தார்ப்பாய்க்கு நான்கு மூலையிலும் பாரம் வைத்திருக்கிறேனே, அந்த இரும்பா?

பெரியம்மா: [புகைப்படம்]

பிரபு: ஐயாவின் சொத்து உண்மையில் பெரியத்தையிடம்தான் இருந்திருக்கிறது.

முருகேசன் சித்தப்பா: அதேதான்! படத்தில் வலப்பக்கம் இருப்பதில் போல்ட் ஓட்டை நீள்வட்டமாகத் தெரிகிறது. தேய்ந்திருந்தால் அதை மாட்டக் கூடாது, புதிதாக வாங்க வேண்டும். பட்டையை அச்சோடு கட்டும் யூ போல்ட்டும் புதிதுதான், ஒருமுறை இழுத்து முறுக்கியதைத் திரும்ப நம்ப முடியாது. போல்ட் ஓட்டைக்குள் ரப்பர் புஷ் போட்டால் ஷாக்கிள் போல்ட்டை ஜாக்கியில் வைத்து இறுக்காதீர்கள். வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் முழுவதும் சக்கரத்தில் விழுந்த பிறகு இறுக்க வேண்டும். இல்லையென்றால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு யூ போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். முகப்பு விளக்கும் திருத்த வேண்டும், இப்போது வெளிச்சம் மரத்து உச்சிக்குப் போகிறது.

தினேஷ்: ஷாக் அப்சார்பர் புதிது. அதையாவது விட்டுவிடுங்கள்.

முருகேசன் சித்தப்பா: அது உயர்ந்த வண்டிக்கான நீளம். வண்டி இறங்கியதும் பாதி அமுங்கிய நிலையிலேயே நிற்கும். குழியில் விழுந்தால் ரப்பர் ஸ்டாப்பரைத் தொடும் முன்னால் இது உள்ளே முட்டும். டயரும் முழுத் திருப்பத்தில் மட்கார்டில் உரசும். கொண்டை ஊசி வளைவில் உரசினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தினேஷ்: டயரை விட மாட்டேன்.

அனிதா: தினேஷ் அண்ணா, அப்பத்தா.

தினேஷ்: தெரிகிறது. டயரை விட மாட்டேன்.

பிரபு: நாங்கள் ஞாயிறு காலை கோயம்புத்தூரிலிருந்து வருகிறோம். கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டுமா?

செந்தில்: வேண்டும். 2024 மே மாதத்திலிருந்தே இருக்கிறது. உள்ளூர் வண்டிக்குத்தான் தொல்லை இல்லை.

கலா அத்தை: வரும்போது பூம்பாறையில் பூண்டு வாங்க வேண்டும். போன முறை வாங்கியது மலைப்பூண்டே இல்லை. தோலை உரித்தால் காரமும் இல்லை, வாசமும் இல்லை.

பெரியம்மா: புவிசார் குறியீடு கொடுத்த நாளிலிருந்து எல்லாப் பூண்டும் மலைப்பூண்டுதான். நான் வீட்டுப் பூண்டு தருகிறேன்.

பெரியப்பா: வண்டியை வத்தலக்குண்டு பட்டறைக்கு யார் கொண்டு போவது?

முருகேசன் சித்தப்பா: நான் போகிறேன். புதன்கிழமை.

பெரியப்பா: நீ வேண்டாம். போன முறை நீ எடுத்துப் போன டிராக்டர் இன்னும் வரவில்லை.

பிரபு: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கலா அத்தை: என்ன எழுதி நீக்கினாய்? உன் மாமாக்களை மதித்துப் பேசு.

தினேஷ்: நானே கொண்டு போகிறேன். ஷாக்கிள், கூடுதல் பட்டை, ஷாக் அப்சார்பர் மூன்றையும் மாற்றுகிறேன். டயர் பற்றி அங்கே போய் முழுத் திருப்பம் திருப்பிப் பார்த்துச் சொல்கிறேன்.

முருகேசன் சித்தப்பா: பிரேக் ஹோஸ் எதிலாவது உரசுகிறதா என்று

கலா அத்தை: அண்ணே, போதும்.

பெரியம்மா: யார் அந்த ஷாக்கிளை எடுத்தது? காற்றுக்குத் தார்ப்பாய் புரண்டு மிளகு பாதி சரிவில் கிடக்கிறது.

தினேஷ்: ஓட்டையை அளக்க எடுத்தேன் அம்மா. வருகிறேன்.

கலா அத்தை: சரி, நான் அந்த ஞாயிறுக்குக் கார் சொல்லி வைக்கட்டுமா, வேண்டாமா?

பெரியப்பா: சொல்லி வை. முன்பணம் கொடுக்காதே.