படிவம் சி-யில் யார் கையெழுத்து? கருக்கலைப்பு பற்றிய அனுபவப் பகிர்வு

மகப்பேறுப் பிரிவு செவிலியர்:

கருவைக் கலைக்க வேண்டும் என்று வரும் பெண்ணிடம் பல இடங்களில் முதலில் கேட்பது, "வீட்டுக்காரர் வந்திருக்காரா?" என்பதைத்தான். சட்டம் அப்படிக் கேட்கச் சொல்லவில்லை. ஒப்புதலுக்கான படிவம் சி-யைக் கையில் வாங்கிப் படித்துப் பாருங்கள். "இன்னாரின் மகள்/மனைவி" என்று ஒரு கோடு, வயது, நிரந்தர முகவரி, இப்போது தங்கியிருக்கும் முகவரி, கருக்கலைப்பு நடக்கும் இடம், கடைசியில் அந்தப் பெண்ணின் கையெழுத்து. அவ்வளவுதான். "மனைவி" என்ற அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுத்தான் கணவர் வர வேண்டும் என்று சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். 18 வயது நிறைந்தவருக்கு அவருடைய ஒப்புதல் மட்டும் போதும். 18 நிறையாதவருக்கும் மனநோய் உள்ளவருக்கும் மட்டுமே பாதுகாவலர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"அவரைக் கூட்டிட்டு அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பும்போது, 8 வாரத்தில் வந்தவர் 10 வாரத்தில் வருவார். மாத்திரையில் முடிய வேண்டியது கருவி வைத்துக் கலைப்பது வரை போகும். இல்லையென்றால் அவர் திரும்பி வரவே மாட்டார். நேரே மருந்துக்கடைக்குப் போய்விடுவார்.

மகப்பேறு மருத்துவர்:

சிஸ்டர் சொன்ன அந்த மருந்துக்கடைப் பயணத்தில்தான் உயிருக்கு ஆபத்து. முதல் தவறு நாள் கணக்கில் நடக்கிறது. உறவு நடந்த நாளையோ, தீட்டு தள்ளிப்போன நாளையோ வைத்து எண்ணுகிறார்கள். கடைசியாகத் தீட்டு வந்த முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். 28 நாள் சுற்று உள்ளவருக்கு ஒரு வாரம் தள்ளிப்போனாலே கர்ப்பம் 5 வாரம். ஒழுங்கற்ற சுற்று, தாய்ப்பால் கொடுக்கும் காலம் என்றால் மனக்கணக்கு உதவாது, ஸ்கேன்தான் வேண்டும்.

மாத்திரைக்கு இங்கே எல்லை 9 வாரம். முதல் நாள் மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம். இரண்டு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால் 800 மைக்ரோகிராம். மிசோப்ரோஸ்டால் போட்ட சில மணி நேரத்தில் வலியும் உதிரப்போக்கும் தொடங்கும். தொடர்ந்து 2 மணி நேரம், மணிக்கு 2 பெரிய நாப்கின் முழுக்க நனைந்தால் உடனே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். 2 வாரம் கழித்து எல்லாம் வெளியேறிவிட்டதா என்று பார்த்தே ஆக வேண்டும். அதற்குச் சிறுநீர்ப் பரிசோதனையை நம்பாதீர்கள். முழுதாகக் கலைந்த பிறகும் சில வாரம் இரண்டு கோடு காட்டும்.

எனக்கு மிகவும் பயம் தருவது கருக்குழாயில் தங்கிய கர்ப்பம். அதை இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. ஆனால் கர்ப்பப்பையிலிருந்து ரத்தம் போகும். "கலைஞ்சிடுச்சு" என்று அந்தப் பெண் நிம்மதியாக இருப்பார். உள்ளே கரு வளர்ந்து குழாய் வெடிக்கும். அடிவயிற்றில் ஒரு பக்க வலி, தலைசுற்றல், தோள்பட்டை நுனியில் வலி என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. மருந்துச் சீட்டு கேட்பதும் ஸ்கேன் எடுப்பதும் இதற்காகத்தான்.

வழக்கறிஞர்:

"என் உடல், என் முடிவு" என்பது இந்தியச் சட்டத்தில் பாதிதான் உண்மை. கருச்சிதைவை உண்டாக்குவது இன்றும் குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவு, அந்தப் பெண்ணையும் சேர்த்தே சொல்கிறது. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் அதற்கு ஒரு விலக்கு. 20 வாரம் வரை ஒரு மருத்துவர், 20 முதல் 24 வரை குறிப்பிட்ட சில பிரிவினருக்கு இரண்டு மருத்துவர்கள் நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்ல வேண்டும். 24க்கு மேல் கருவில் கடுமையான குறைபாடு இருந்தால் மருத்துவ வாரியம். கேட்பவர் பெண், தீர்மானிப்பவர் மருத்துவர் என்ற அமைப்பு இது. இதை நான் ஏற்கவில்லை. ஆனால் இதுதான் சட்டம்.

2021 திருத்தம் "கணவர்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "துணைவர்" என்று போட்டது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை அதே வழி உண்டு என்றது. தன் சம்மதமின்றி மனைவி கலைத்துவிட்டதாக நஷ்டஈடு கேட்ட ஒரு கணவரின் வழக்கு பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றத்திலும், 2017இல் உச்ச நீதிமன்றத்திலும் நிற்கவில்லை. இன்னொரு பக்கமும் உண்டு. 2007இல் ஒரு விவாகரத்து வழக்கில், மருத்துவக் காரணம் இல்லாமலோ கணவரின் சம்மதம் இல்லாமலோ செய்யும் கருக்கலைப்பு மனக்கொடுமை ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் எழுதியிருக்கிறது. மருத்துவமனையில் கையெழுத்து வேண்டாம் என்பதால் குடும்ப நீதிமன்றத்திலும் பேச்சு வராது என்று யாருக்கும் உறுதி சொல்லாதீர்கள்.

மனநல ஆலோசகர்:

கருவும் ஓர் உயிர்தானே என்று கேட்பவர்களைப் பிற்போக்கு என்று தள்ளிவிட என்னால் முடியாது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே அந்த இடத்தில் திணறியது. இரண்டு குழந்தைகளின் தாய், பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர். தாய்ப்பால் காலத்தில் தீட்டு வராததால் கர்ப்பம் தெரியவில்லை. வழக்கு வந்தபோது ஏறக்குறைய 26 வாரம். முதலில் அனுமதி கிடைத்தது. கருவின் துடிக்கும் இதயத்தை நிறுத்த வேண்டுமா என்று எய்ம்ஸ் மருத்துவர்கள் கேட்டதும் இரண்டு பெண் நீதிபதிகள் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். மூன்று பேர் அமர்வு அக்டோபர் 16 அன்று மறுத்துவிட்டது. கருவில் குறைபாடில்லை, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை, 24 வாரம் தாண்டிவிட்டது என்பவை காரணங்கள்.

26 வாரத்தில் வரும் இந்த வேதனையை மனதார உணர்பவர்கள், 8 வாரத்தில் வந்த பெண்ணைக் கையெழுத்துக்காகத் திருப்பி அனுப்புவதையும் அதே வேகத்தோடு எதிர்க்க வேண்டும். ஆலோசனை என்ற பெயரில் மனதை மாற்றப் பார்ப்பதும் அதே தாமதம்தான். "உங்களை யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா?" என்பதைத் தனியறையில், கூட வந்தவரை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கேட்க வேண்டும். கலைக்கச் சொல்லி மாமியார் நெருக்குவதும், கலைக்கக் கூடாதென்று கணவர் நெருக்குவதும் அப்போதுதான் வெளியே வரும்.

மகப்பேறுப் பிரிவு செவிலியர்:

18 நிறையாத பெண்கள் பற்றி ஒன்று விட்டுப்போச்சு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தகவல் கொடுக்கணும்னு தெரிஞ்சதும் பயந்து ஓடிடுறாங்க. சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் எழுத வேண்டியதில்லை என்று அதே 2022 தீர்ப்பு சொல்லியிருக்கு. ஓ.பி. சீட்டு போடும் இடத்திலேயே இதைச் சொல்லிடுங்க. பெரியவங்க விஷயத்திலும் பெயரை வெளியே விட்டால் கருக்கலைப்புச் சட்டத்தின் 5ஏ பிரிவில் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.