மறு: கழித்தலில் 'கடன் வாங்குதல்' – மாற்றுச் சொல் தேவை

அன்புள்ள குழுவினருக்கு,

ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கான கணிதக் கையேட்டின் கழித்தல் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டியிருப்பதால், இதுவரை வந்த மடல்களை ஒட்டி என் நிலையை எழுதுகிறேன்.

> 'கடன் வாங்குதல்' எல்லோருக்கும் புரிகிறதே, ஏன் மாற்ற வேண்டும்?

புரிவது செய்முறை மட்டுமே. 52-லிருந்து 25-ஐக் கழிக்கையில் இரண்டு ஐந்திடம் கடன் கேட்கிறது என்றால், 52 என்னும் ஒரே எண் தொடர்பற்ற இரண்டு எண்களாகிவிடுகிறது. திருப்பித் தராதது எப்படிக் கடனாகும் என்று கேட்கும் குழந்தைக்கும் விடையில்லை. உண்மையில் ஐந்து பத்துகளில் ஒன்று பத்து ஒன்றுகளாகப் பிரிந்து, நான்கு பத்துகளும் பன்னிரண்டு ஒன்றுகளும் நிற்கின்றன, மதிப்பு மாறுவதில்லை. கணிதக் கல்வி ஆய்வாளர் லிபிங் மா 1999-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய கழித்தலை எப்படிக் கற்பிப்பீர்கள் என்று அமெரிக்க ஆசிரியர் 23 பேரிடமும் சீன ஆசிரியர் 72 பேரிடமும் கேட்கப்பட்டது. முன்னவருள் பெரும்பாலோர் கடன் வாங்கும் படிகளிலேயே நின்றனர், பின்னவருள் பெரும்பாலோர் உயர் அலகைப் பிரிப்பதாக விளக்கினர்.

> 'இனமாற்றம்' பாடநூலில் இருக்கிறது, அதுவே போதும்.

பத்து ஒன்றுகளை ஒரு பத்தாகவோ, ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாகவோ மாற்றுவதைக் குறிக்கும் அச்சொல் வழக்கில் இருப்பது வலிமைதான். ஆனால் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் பொதுவாக நிற்பதால் அதில் திசை தெரிவதில்லை. ஆகவே, பத்துக் குச்சிகளை ஒரு கட்டாகக் கட்டுவதும் அதை அவிழ்ப்பதும் போல, கூட்டலில் 'கட்டுதல்', கழித்தலில் 'கட்டவிழ்த்தல்' என்னும் இணையை முன்மொழிகிறேன். 300-லிருந்து 148-ஐக் கழிக்கையில், நூற்றுக்கட்டு ஒன்று பத்துப் பத்துகளாக அவிழ்ந்து, அவற்றுள் ஒன்று மீண்டும் பத்து ஒன்றுகளாக அவிழ்கிறது என்றால், நடுவிலுள்ள சுழியம் ஒன்பதானது எப்படி என்பது தானே விளங்கும். ஒரு மணியும் அறுபது நிமிடங்களாக அவிழும் என்பதால் நேரக் கணக்குக்கும் இச்சொல் பொருந்தும்.

கோலைக் குறிக்கும் 'கழி'யிலிருந்தே 'கழித்தல்' பிறந்தது, ஆகவே குச்சிக்கட்டு நம் சொல்லிலேயே உள்ளது என்று நண்பர் ஒருவர் விரிவாக எழுதியிருந்தார். 'நாள் கழிந்தது' என்பதிலுள்ள நீங்கற்பொருளே வினைக்கு அடிப்படையாகத் தோன்றுவதால் என்னால் ஏற்க இயலவில்லை. அதைவிட, ஐந்து பத்துகளைத் தன்னுள் கொண்ட 'ஐம்பது' என்னும் எண்ணுப்பெயரைப் புணர்ச்சி பிரித்துக் காட்டுவது பயிற்சி மாணவருக்கு மிகுதியும் உதவும்.

'கட்டவிழ்ப்பு' இலக்கியத் திறனாய்வில் வேறு பொருளில் வழங்குகிறது என்ற மறுப்பு நியாயமானதே. ஆயினும் எட்டு வயதுக் குழந்தை அதனோடு மயங்காது. மறுத்தவர் தந்த 'அலகுப்பிரிப்பு' துல்லியமானது, ஆனால் அந்தக் குழந்தையின் வாயில் வராது. பெரும்பான்மை 'இனமாற்றம்' பக்கமே இருப்பதால் தலைப்பில் அதையும், விளக்கத்தில் 'கட்டவிழ்த்தல்' என்பதையும் இட்டு அனுப்ப எண்ணுகிறேன். உடன்படாதவர்கள் வியாழன் மாலைக்குள் எழுதுங்கள்.