பழைய பிஸ்டன் பின் லாக்கையே திரும்பப் போடலாமா?

கேள்வி:
ஒற்றை சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் பைக் எஞ்சின். புகை வந்ததால் பிரித்தேன். சிலிண்டரின் உள்விட்டம் (போர்) சரியாக இருக்கிறது, பிஸ்டனும் நன்றாக இருக்கிறது. ரிங் செட் மட்டும் மாற்றுகிறேன், வால்வும் லேப்பிங் (இருக்கையோடு பொருந்தத் தேய்ப்பது) செய்யப் போகிறேன். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பிஸ்டன் பின்னைப் பிடித்திருந்த இரண்டு கம்பி லாக்குகளையும் மூக்கு பிளையரால் பத்திரமாகத்தான் கழற்றினேன். பார்வைக்குப் புதிது போலவே இருக்கின்றன. ரிங் செட்டோடு லாக் வரவில்லை. இதையே போட்டு மூடிவிடலாமா?

முதல் பதில்:
வேண்டாம். புதிது வாங்குங்கள்.

இரண்டாம் பதில்:
இதே கேள்வியை நான் ஒருகாலத்தில் என்னையே கேட்டுக்கொண்டு, "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது" என்று பதிலும் சொல்லிக்கொண்டவன். சில மாதம் ஓடியது. அப்புறம் எஞ்சின் தலைப்பக்கம் ஒரு டிக் டிக். வால்வு டேப்பெட் சத்தம் என்று நினைத்து அதன் கிளியரன்ஸை (இடைவெளியை)த் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். கடைசியில் சிலிண்டர் பிளாக்கைத் தூக்கினால், ஒரு லாக் பள்ளத்தில் இல்லை. பின் ஒரு பக்கமாக நகர்ந்து, சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக விரல் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு கிழித்திருந்தது. ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது), புது பிஸ்டன் எல்லாம் செய்தாயிற்று. நானே தேடிக்கொண்டது, யாரைத் திட்ட?

கழற்றும்போது கம்பியை அமுக்குகிறோம் இல்லையா, அதிலேயே அதன் விறைப்பு கொஞ்சம் போய்விடும். கண்ணுக்குத் தெரியாது.

புதிதைப் போடும்போது அதன் வாய் (கம்பியின் இரு முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளி) நேர் மேலேயோ நேர் கீழேயோ பார்க்கட்டும். நிமிடத்துக்கு 6000 சுற்றில் பிஸ்டன் நொடிக்கு 200 முறை நின்று திரும்புகிறது. வாய் பக்கவாட்டில் இருந்தால் ஒவ்வொரு திரும்பலிலும் முனைகள் அசைந்து, லாக் சுருங்கி வெளியே வரப் பார்க்கும். கழற்றுவதற்காக பிஸ்டனில் வெட்டியிருக்கும் காடிக்கு நேராகவும் வாய் வரக் கூடாது. போட்ட பிறகு ஸ்குரூ டிரைவர் நுனியால் லேசாகத் தள்ளிப் பாருங்கள், பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்திருந்தால் இறுக்கமாகத்தான் திரும்பும்.

கேட்டவர்:
சரி, வாங்கிவிடுகிறேன். வால்வுத் தண்டில் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் வால்வு லாக்குகளும் அப்படித்தானா?

இரண்டாம் பதில் தந்தவர்:
இல்லை. அவை ஸ்பிரிங் போல வளைந்து பிடிப்பவை அல்ல, ஆப்பு மாதிரி இறுகி நிற்பவை. உள்பக்க வரம்பு தேயாமல், வால்வுத் தண்டின் பள்ளமும் கூராக இருந்தால் தாராளமாகப் போடலாம். எது எந்த வால்வுடையது என்று கலக்காமல் வையுங்கள். கொஞ்சம் கிரீஸ் தடவினால் மாட்டும்போது விழாது. மாட்டியதும் தண்டின் நுனியில் பிளாஸ்டிக் சுத்தியலால் இரண்டு தட்டு. அப்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்பிளிட் பின், மடக்கி வைக்கும் லாக் வாஷர் எதையாவது எடுத்திருந்தால் யோசிக்காமல் புதிது.

கேட்டவர்:
நான்கு லாக் வாங்கி வந்தேன். முதல் லாக் போடும்போதே ஒன்று துள்ளிப் பறந்துவிட்டது! தரை முழுக்கத் தேடியாயிற்று.

முதல் பதில் தந்தவர்:
பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸ் வாயில் துணி அடைத்திருந்தீர்களா?

கேட்டவர்:
அடைத்திருந்தேன். ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் இடைவெளி.

இரண்டாம் பதில் தந்தவர்:
அப்படியானால் அது கிடைக்கும் வரை பிளாக்கை இறக்காதீர்கள், கிராங்கையும் சுற்றாதீர்கள். துணியை இழுக்காமல் நான்கு மூலையையும் கூட்டிப் பொட்டலம் போலத் தூக்குங்கள். அதில் இல்லையென்றால் காந்தக் குச்சியை உள்ளே விட்டுத் துழாவுங்கள்.

கேட்டவர்:
துணி மடிப்பில் இருந்தது.